சான்றிதழ் இருந்தும் சி-ஆர்ம் பக்கம் போக முடியவில்லை

கலிபோர்னியாவில் ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே டெக்னாலஜிஸ்டாகச் சேர்ந்தேன். ஏ.ஆர்.ஆர்.டி. (எக்ஸ்ரே டெக்னாலஜிஸ்டுகளுக்கான அமெரிக்கத் தேசியப் பதிவு அமைப்பு) தேர்ச்சி, மாநிலச் சான்றிதழ் இரண்டும் கையில் இருந்தன, ஆனாலும் சி-ஆர்ம் (C வடிவக் கையுள்ள, நகர்த்தக்கூடிய எக்ஸ்ரே கருவி) ஓடும் அறுவை அறைக்கு மட்டும் என்னைப் போடவே இல்லை. ஏ.ஆர்.ஆர்.டி. அட்டையை மறுபடி அனுப்பினேன், பழைய வேலையிடத்தில் அனுபவக் கடிதம் வாங்கிக் கொடுத்தேன், பத்து நாள் வீண். அப்புறம் மாநில விதியையே எடுத்துப் படித்தேன்: சி-ஆர்ம் செய்யும் ஃப்ளூரோஸ்கோப்பிக்கு, அதாவது உடலுக்குள் நடப்பதை நேரலையாகக் காட்டும் எக்ஸ்ரேக்கு, தனி பெர்மிட். கதிரை ஓட விடுவதற்கு மட்டும் இல்லை. அது ஓடும்போது நோயாளியைச் சரியாகக் கிடத்த, கருவியை நகர்த்த, கதிர் அளவைத் தேர்ந்தெடுக்கக்கூட அந்த பெர்மிட் வேண்டும். டாக்டர்தானே கதிரை ஓட விடும் பெடலை மிதிக்கிறார் என்று நினைத்துப் பலரும் கோட்டை விடுவது இங்கேதான். தனியாக விண்ணப்பித்து, அதற்கான தேர்வையும் எழுதி, பெர்மிட்டைக் காட்டிய மறுநாளே ஷிப்ட் போட்டார்கள். அப்பாடா!