எல்இடி மீட்டர் துள்ளினால் மட்டும் போதுமா?

பாட்டு ஓடும்போது எல்இடி வரிசை ஏறி இறங்கினால், ஆடியோ சிக்னலின் அளவைக் காட்டும் மீட்டர் சரியாக இருக்கிறது என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். மீட்டர் காட்டுவது நிஜமான அளவுதானா என்று யாரும் பார்ப்பதில்லை.

உள்ளே நடப்பது எளிது. நிலையான ஒரு வோல்டேஜை ரெசிஸ்டர் ஏணி பத்துப் படிகளாகப் பிரிக்கிறது. படிக்கு ஒரு கம்பாரேட்டர், அதாவது இரண்டு வோல்டேஜை ஒப்பிடும் சுற்று. சிக்னல் எந்தப் படியைத் தாண்டுகிறதோ அந்தப் படியின் எல்இடி எரியும். எல்எம் 3914, 3915, 3916 என்ற மீட்டர் ஐசிகள் மூன்றுக்கும் இதுதான் கதை. படிகளின் இடைவெளி மட்டும் வேறு. 3914இல் எல்லாம் சம படி. 3915இல் படிக்கு 3 டெசிபல் (சிக்னல் அளவுகளின் விகிதத்தைச் சொல்லும் அலகு). 3916இல் வியூ மீட்டரின் (பழைய ஆடியோ கருவிகளின் முள் மீட்டர்) அளவுகோல், மைனஸ் 20 முதல் பிளஸ் 3 டெசிபல் வரை.

கையில் கிடைத்தது என்று 3914ஐ ஆடியோவுக்குப் போடுவது பலரும் செய்வது. அதில் மேல் ஐந்து எல்இடிகளும் கடைசி 6 டெசிபலுக்குள் அடங்கிவிடும். மெல்லிய பகுதிகளில் வரிசை இருண்டு கிடக்கும், சத்தம் கூடினால் ஒரே மூச்சில் உச்சிக்குப் போகும். 3915 என்று அச்சடித்த ஐசிக்குள் 3914 இருப்பதும் உண்டு. பார் மோடில் (எட்டிய படி வரை எல்லா எல்இடியும் எரியும் முறை) வைத்து, முழு அளவில் (கடைசி எல்இடி எரியும் வோல்டேஜில்) மூன்றில் ஒரு பங்கு டிசி வோல்டேஜ் கொடுத்துப் பாருங்கள். மூன்று எல்இடி எரிந்தால் 3914, ஆறு எரிந்தால் 3915.

எனக்கு அதிகம் எரிச்சல் தருவது டயோடு விவகாரம். ஏசி சிக்னலை டிசியாக மாற்ற, அதாவது ரெக்டிஃபை செய்ய, அதை ஒரு சிலிகான் டயோடு வழியாக, ஒரு கெபாசிட்டரோடு, நேரே ஐசிக்குக் கொடுத்துவிடுவார்கள். 1.25 வோல்ட் முழு அளவில் 3915இன் முதல் எல்இடி எரிய வெறும் 56 மில்லிவோல்ட் போதும். டயோடோ தன் பங்காக 0.6 வோல்ட் வரை விழுங்கிவிடுகிறது. உச்சத்துக்கு 6 டெசிபல் கீழே என்ற அளவுக்குச் சிக்னல் ஏறும்வரை மீட்டருக்கு ஒன்றுமே தெரியாது! வால்யூமைக் கூட்டிச் சரிக்கட்டினால் துள்ளல் வரும், டெசிபல் கணக்கு வராது. டயோடு விழுங்குவதை ஈடுகட்டும், ஆப்-ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர் ஐசி) வைத்த பிரிசிஷன் ரெக்டிஃபையர்தான் சரியான வழி. அது வேண்டாம் என்றால் சிக்னலை ரெக்டிஃபை செய்யாமலே கொடுக்கலாம். ஐசி நெகட்டிவ் பாதியைக் கண்டுகொள்ளாது. ஆனால் எல்இடி கொஞ்ச நேரமே எரிவதால் டாட் மோடும் (ஒரு நேரத்தில் ஒரு எல்இடி மட்டும் எரியும் முறை) 30 மில்லிஆம்பியர் கரண்டும் வேண்டும்.

அப்புறம் வேகம். பழைய வியூ முள் தன் இடத்துக்கு வர 300 மில்லிசெகண்ட் எடுக்கும். எல்இடிக்கு அந்த மந்தம் கிடையாது, கெபாசிட்டரும் ரெசிஸ்டரும்தான் அதைத் தர வேண்டும். பீக் மீட்டர் சட்டென ஏறி மெதுவாக இறங்க வேண்டும்: ஏற 10 கிலோ ஓம், இறங்க 1 மெகா ஓம், 1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் என்று தொடங்கலாம். ஏறவும் இறங்கவும் ஒரே மெதுவான பாதை என்றால் டிரம் அடி மீட்டரில் பதியவே பதியாது. இன்னொன்று, வியூவின் பூஜ்யமும் டிஜிட்டல் பூஜ்யமும் ஒன்றல்ல. டிஜிட்டலில் பூஜ்யம் என்பது உச்சவரம்பு; வியூ பூஜ்யத்தை அதற்கு 18 அல்லது 20 டெசிபல் கீழே வைப்பதே வழக்கம்.

சூட்டுக் கணக்கையும் போடுங்கள். 12 வோல்ட் சப்ளை, பார் மோடு, பத்து எல்இடி, தலைக்கு 20 மில்லிஆம்பியர்: ஐசியில் மட்டும் 2 வாட் சூடு. அது தாங்குவதோ சுமார் 1.3 வாட். எல்இடிகளை 5 வோல்ட்டில் ஓட்டினால் 0.6 வாட்டோடு போகும்.

அந்த 200 மில்லிஆம்பியர் ஆடியோ கிரவுண்ட் வழியாகத் திரும்பினால் ஸ்பீக்கரில் கரகரப்பு கேட்கும். எல்இடி கிரவுண்ட் தனி வயரில் பவர் சப்ளைக்கே போகட்டும். சப்ளையில் 10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரை ஐசிக்கு ஒட்டியே வையுங்கள். இல்லையென்றால் ஐசி ஆசிலேட் ஆகி (தானாகவே அதிர்ந்து) எல்லா எல்இடியும் மங்கலாக மினுங்கும்.

ஸ்பீக்கரிலிருந்து சிக்னல் எடுப்பவர்கள் முதலில் மல்டிமீட்டரை எடுங்கள். பிரிட்ஜ் ஆம்ப் (ஸ்பீக்கரின் இரு முனையையும் தனித்தனி அவுட்புட் ஓட்டும் வகை) என்றால் ஸ்பீக்கரின் இரு முனையுமே கிரவுண்ட் இல்லை. 12 வோல்ட்டில் ஓடும் ஆம்பில் இரண்டிலும் கிரவுண்டுக்கு எதிராகச் சுமார் 6 வோல்ட் டிசி காட்டும். அதில் ஒன்றை மீட்டர் கிரவுண்டோடு சேர்த்தால் ஆம்ப் அவுட்புட் ஷார்ட். 6 வோல்ட் காட்டினால் ஸ்பீக்கரை விட்டுவிட்டு வால்யூம் கண்ட்ரோலுக்கு அடுத்த புள்ளியில் சிக்னல் எடுங்கள்.