வெண்கோலோடு கூகுள் மேப்ஸ்: நடந்துபோகிறவர்களுக்கு ஒரு தொடக்கம்

போனில் மேப் போட்டுக்கொண்டு தனியாக நடந்துபோக நினைக்கும் பார்வையற்ற நண்பர்கள் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். திறந்த வெளியிலேயே ஸ்மார்ட்போனின் ஜிபிஎஸ் சுமார் 5 மீட்டர் வரை தவறும். உயரமான கட்டடங்களுக்கு நடுவே சிக்னல் சுவரில் பட்டுத் திரும்பி வரும் என்பதால் இன்னும் அதிகமாகத் தவறும். நம் ஊரில் பல தெருக்களின் அகலமே அவ்வளவுதான். தெருவில் எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்பதுகூட மேப்புக்குத் தெரியாது. குழி, திறந்த சாக்கடை, குறுக்கே நிறுத்திய பைக் எல்லாம் வெண்கோல் பார்த்துக்கொள்ள வேண்டியவை. கோல் பிடித்து நடக்கப் பழகாதவர்கள் அதை முதலில் முடித்துவிட்டு வாருங்கள்.

ஆண்ட்ராய்டையும், அதில் திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் டாக்பேக்கையும் வைத்துச் சொல்கிறேன். ஐபோனில் அதே வேலையைச் செய்யும் வாய்ஸ்ஓவர் வைத்திருப்பவர்களுக்கும் ஏறக்குறைய இதே வழிதான். உதாரணத்துக்கு, சென்னையில் கோட்டூர்புரம் பறக்கும் ரயில் நிலையத்தில் இறங்கி அண்ணா நூற்றாண்டு நூலகம் போவதாக வைத்துக்கொள்வோம். அங்கே பிரெய்ல் பிரிவு இருக்கிறது, ஒருமுறையாவது போய்ப் பார்க்க வேண்டிய இடம்.

வீட்டிலேயே முடிக்க வேண்டியது

மேப்ஸைத் திறந்து, தேடல் கட்டத்தில் மைக்கை அழுத்தி இடத்தின் பெயரைச் சொல்லுங்கள். முடிவைத் திறந்து, வழி காட்டும் பொத்தானை இருமுறை தட்டுங்கள். அப்புறம் திரையில் விரலை வலப்பக்கமாகத் தள்ளிக்கொண்டே போனால் கார், பைக், பஸ், நடை என்று வரிசையாக வரும். நடையைத் தேர்ந்தெடுங்கள். உடனே தொடங்கு பொத்தானுக்குப் போகாதீர்கள். வழியின் படிகளைத் திறந்து ஒவ்வொரு திருப்பத்தையும் தூரத்தோடு நிதானமாகக் கேளுங்கள். எத்தனை திருப்பம், எது பெரிய சாலை என்பது மனதில் பதிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அமைப்புகளில் நடைக்கான பகுதியில் விரிவான குரல் வழிகாட்டல் என்ற வசதி உங்கள் போனில் தெரிந்தால் ஆன் செய்யுங்கள். 2019 அக்டோபரில் கூகுள் இதைப் பார்வையற்றவர்களை மனதில் வைத்துக் கொண்டுவந்தது. முதலில் அமெரிக்க ஆங்கிலத்திலும் ஜப்பானிய மொழியிலும்தான் வந்தது. இன்னொன்று, மேப்பை இறக்கி வைத்திருந்தாலும் நெட் இல்லாமல் கூகுள் நடைவழி சொல்லாது. நெட் விட்டு விட்டு வரும் பகுதி என்றால் நெட் இல்லாமலும் நடைவழி சொல்லும் ஓஎஸ்எம்அண்ட் (OsmAnd) செயலியை வைத்துக்கொள்ளலாம்.

கேட்டை நீங்களே குறித்துக்கொள்ளுங்கள்

என்னைக் கேட்டால் இதுதான் முக்கியமான படி. பெரிய வளாகம் என்றால் மேப்பில் உள்ள புள்ளி பல நேரம் கட்டடத்தின் நடுவில் இருக்கும். வந்து சேர்ந்துவிட்டீர்கள் என்று அது சொல்லும்போது நீங்கள் மதில் சுவரைத் தடவிக்கொண்டு நிற்பீர்கள், கேட் எங்கேயோ இருக்கும்.

அதனால் முதல் தடவை யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள். சரியாக கேட்டில் நின்று வாட்ஸ்அப்பைத் திறந்து, உங்களுக்கு நீங்களே செய்தி அனுப்பும் அரட்டைக்குப் போங்கள். இணைப்புப் பொத்தான், அதில் இருப்பிடம், அதில் தற்போதைய இருப்பிடத்தை அனுப்பு என்று வரும். அந்தப் பொத்தானிலேயே எத்தனை மீட்டர் துல்லியம் என்று டாக்பேக் படிக்கும். 30 என்றால் அனுப்பாதீர்கள். மரத்தடியையும் கூரையையும் விட்டு இரண்டடி வெளியே வந்து கொஞ்சம் பொறுங்கள். எண் இறங்கி 10-க்குக் கீழே வந்ததும் அனுப்புங்கள். கீழேயே ‘நூலக கேட், இடப்பக்கம்’ என்று ஒரு வரி போட்டு வையுங்கள். அடுத்த முறை அந்தச் செய்தியைத் தட்டினால் மேப்ஸில் அதே இடம் திறக்கும். பஸ் நிறுத்தம், ரயில் நிலையப் படிக்கட்டு, உங்கள் வீட்டுத் தெருமுனை எல்லாவற்றையும் இப்படியே சேர்த்துக்கொள்ளலாம்.

கிளம்பும்போது

‘வடமேற்கே செல்லவும்’ என்று மேப்ஸ் ஆரம்பிக்கும். நமக்கு அதனால் என்ன பயன்? நின்ற இடத்தில் போனின் திசைகாட்டி தடுமாறும், நடக்கத் தொடங்கினால்தான் நீங்கள் போகும் திசை அதற்குப் புரியும். முப்பது நாற்பது அடி நடந்துவிட்டு, மேப்ஸில் மீதித் தூரம் குறைகிறதா என்று கேட்டுப் பாருங்கள். கூடினால் திரும்புங்கள். போக்குவரத்தும் உதவும். இருவழிச் சாலையின் இடது ஓரமாக நடந்தால் பக்கத்தில் போகும் வண்டிகள் பின்னாலிருந்து வரும், வலது ஓரம் என்றால் எதிரே வரும்.

இயர்போனை ஒரு காதில் மட்டும் போடுங்கள். காதை அடைக்காமல் எலும்பு வழியே ஒலியைக் கடத்தும் ஹெட்போன் இருந்தால் இன்னும் நல்லது. போன் சட்டைப் பையிலோ கழுத்துப் பையிலோ இருக்கட்டும், கையில் வேண்டாம். சாலையைக் கடக்கும்போது மேப் என்ன சொன்னாலும் காதில் வாங்காதீர்கள். வண்டிச் சத்தம் மட்டும் போதும், சந்தேகம் வந்தால் பக்கத்தில் இருப்பவரின் கையைப் பிடித்துக் கடந்துவிடுங்கள்.

மெட்ரோ வேலைக்காகத் தடுப்பு வைத்து நடைபாதையை மூடியிருந்தால் மேப்புக்குத் தெரியாமல் போகலாம். அங்கே ஆட்டோ ஸ்டாண்டில் கேளுங்கள். ‘நூலகம் எங்கே?’ என்றால் ‘அதோ’ என்று கை காட்டுவார்கள். ‘அண்ணா, நூலக கேட் என் இடது கைப்பக்கமா, வலது கைப்பக்கமா?’ என்று கேட்டால் வாயால் பதில் வரும்.