ஷேர்டு காக்பிட்டில் சுவிட்சுகள் ஒத்துப்போகவில்லையா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஃபிளைட் சிமுலேட்டரில் இரண்டு பேர் இணையம் வழியாகச் சேர்ந்து ஒரே விமானத்தை ஓட்டுவதுதான் ஷேர்டு காக்பிட். அதில் இரண்டு பேர் ஒரே விமானத்தில் உட்கார்ந்திருப்பதாகத் தோன்றும். உண்மையில் ஓடுவது இரண்டு விமானங்கள். இரண்டு கணினிகளும் பேட்டரி, ஹைட்ராலிக், எரிபொருள் எல்லாவற்றையும் தனித்தனியாகத்தான் கணக்கிடுகின்றன. இடையில் உள்ள மென்பொருள், இங்கே மாறிய மதிப்பை அங்கே கொண்டுபோய் எழுதுகிறது. எந்த மதிப்பு என்பதை நாம்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். எக்ஸ்-பிளேன் சிமுலேட்டரில் ஸ்மார்ட்கோபைலட் என்ற இணைப்பு மென்பொருளைப் பயன்படுத்தினால், விமானத்தின் ஃபோல்டரில் இருக்கும் சிஎஃப்ஜி (அமைப்புகளை எழுதி வைக்கும்) கோப்பு அந்த வேலையைச் செய்கிறது. மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டரில் யுவர்கன்ட்ரோல்ஸ் என்றால், ஒவ்வொரு விமானத்துக்கும் அதே வேலைக்கு ஒரு யாமல் கோப்பு. புது விமானத்துக்கு இந்தக் கோப்பை எழுதும்போதும், யாரோ எழுதியதைத் திருத்தும்போதும்தான் சிக்கல்கள் ஆரம்பிக்கின்றன.

டாகிளை அப்படியே அனுப்புவது

பெரும்பாலான புகார்களுக்கு வேர் இதுதான். லேண்டிங் லைட்டை எடுத்துக்கொள்வோம். சிமுலேட்டருக்குப் போகும் கட்டளைதான் ஈவென்ட். டாகிள் ஈவென்ட்டுக்கு ஆன், ஆஃப் எதுவும் தெரியாது. இப்போது இருப்பதற்கு நேர்மாறாக மாற்று என்பது மட்டுமே அதன் பொருள். இரு பக்கமும் ஆஃபில் தொடங்கினால் பிரச்சினை தெரியாது. துணை விமானியின் பக்கம் மட்டும் ஆனில் தொடங்கிவிட்டால், கேப்டன் சுவிட்சைப் போடும்போது அங்கே விளக்கு அணையும், அணைக்கும்போது எரியும். எத்தனை முறை அழுத்தினாலும் இந்த முரண் தீராது. இதைப் பார்த்துவிட்டு இணையம் மெதுவாக இருக்கிறது என்று ரவுட்டரை மாற்றுகிறவர்களும் உண்டு.

மதிப்பை நேரடியாக வைக்கும் செட் ஈவென்ட் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். டாகிள் மட்டும்தான் இருக்கிறது என்றால், முதலில் நம் பக்கத்து நிலையைப் படித்து, வந்த மதிப்போடு ஒப்பிட்டு, வேறுபட்டால் மட்டும் இயக்க வேண்டும். இதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. டாகிளை இயக்கிய பிறகு நிலை மாறி வர ஓரிரு ஃபிரேம் (திரை ஒருமுறை புதிதாக வரையப்படும் நேரம்) ஆகலாம். அதற்குள் மறுபடி ஒப்பிட்டால், இன்னும் மாறவில்லை என்று நினைத்து இரண்டாம் முறையும் இயக்கிவிடும். சுவிட்ச் போன வேகத்தில் திரும்பி வந்து நிற்கும்.

காரணத்தோடு விளைவையும் அனுப்புவது

ஹைட்ராலிக் பம்ப் சுவிட்ச், அதனால் ஏறும் அழுத்தம், அழுத்தம் குறைந்தால் எரியும் விளக்கு: மூன்றையும் கோப்பில் சேர்த்தால் பாதுகாப்பாக இருக்கும் என்று தோன்றும். நடப்பது நேர்மாறு. சுவிட்சை மட்டும் அனுப்பினால் அழுத்தத்தையும் விளக்கையும் அந்தப் பக்கத்து விமானமே சரியாகக் கணக்கிட்டுக்கொள்ளும். மூன்றையும் அனுப்பினால், விளக்கு எரிய வேண்டும் என்று நெட்வொர்க் எழுத, வேண்டாம் என்று விமானத்தின் சொந்த லாஜிக் அடுத்த ஃபிரேமிலேயே அழிக்க, விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கும்.

தனியார் தயாரிப்பு விமானங்களில் இது இன்னும் மோசம். அவை சிமுலேட்டரின் பொதுவான மாறிகளை (மதிப்புகளைச் சேமித்து வைக்கும் variables) ஒதுக்கிவிட்டுத் தங்களுக்கென்று மாறிகள் வைத்திருக்கும். பொது மாறியில் நாம் எழுதும் மதிப்பை விமானம் உடனே மேலெழுதிவிடும். அதனால் சுவிட்ச் நகரும்போது உண்மையில் முதலில் மாறுவது எது என்று தேட வேண்டும். எக்ஸ்-பிளேனில் டேட்டாரெஃப்டூல் பிளகின் அதற்கு உதவும், சற்றுமுன் மாறிய டேட்டாரெஃப்களை (எக்ஸ்-பிளேனில் மாறிகளுக்கு இதுதான் பெயர்) மட்டும் வடிகட்டிக் காட்டும். மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரில் டெவலப்பர் மோடில் உள்ள பிஹேவியர்ஸ் சாளரம், அந்த நாபைத் திருப்பினால் எந்த நிரல் ஓடுகிறது என்றே காட்டிவிடும். ஊகிப்பதை விட இது பல மடங்கு வேகம்.

இதற்கு விதிவிலக்கும் உண்டு. எரிபொருள் அளவு மாதிரி நேரத்தோடு சேர்ந்து மாறும் விஷயங்களை இரு பக்கமும் தனித்தனியே கணக்கிட விட்டால், நீண்ட பயணத்தில் இரண்டும் விலகிப்போகும். இவற்றை அனுப்பத்தான் வேண்டும். ஆனால் ஒரு பக்கத்திலிருந்து மட்டும். விமானத்தின் இருப்பிடமும் வேகமும்கூட அப்படித்தான், ஓட்டுபவரிடமிருந்து மட்டுமே வர வேண்டும். யாமல் கோப்பில் ஷேர்டு (யார் மாற்றினாலும் போகும்), மாஸ்டர் (ஓட்டுபவரிடமிருந்து மட்டும் போகும்) என்று தனிப் பிரிவுகள் இருப்பது இதற்காகத்தான். சந்தேகம் வந்தால் எல்லாவற்றையும் ஷேர்டில் போடும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. எக்கோ அங்கிருந்துதான் வருகிறது: நான் அனுப்பியது உங்கள் பக்கம் மாறி, அந்த மாற்றம் எனக்கே திரும்பி வரும். ஹெடிங் நாபை (திசையை வைக்கும் திருகு) வேகமாகத் திருப்பினால் எண் முன்னும் பின்னும் துள்ளுவதற்குக் காரணம் இது.

சட்டென்று மறைந்துபோகும் பட்டன் அழுத்தங்கள்

ஸ்பிரிங் வைத்த பட்டன்களை நிலையாக அனுப்பினால் வேலைக்கு ஆகாது. அழுத்தி விடும் நேரம், மென்பொருள் மாறியைப் படிக்கும் இடைவெளியை விடக் குறைவாக இருந்தால் அந்த அழுத்தம் யாருக்கும் தெரியாது. 30 ஃபிரேம் ஓடும் கணினியில் ஒரு ஃபிரேமே சுமார் 33 மில்லிசெகண்ட். எஃப்எம்சி (பயண வழியைத் தட்டச்சு செய்யும் விமானக் கணினி) விசைப்பலகைதான் இதில் முதல் பலி. வேபாயின்ட் (வழியில் உள்ள புள்ளி) பெயரில் ஓர் எழுத்து தவறினால் ஒருவர் திரையில் ஐந்தெழுத்தும் மற்றவர் திரையில் நான்கெழுத்தும் நிற்கும். அதன் பிறகு அழுத்தும் ஒவ்வொரு விசையும் அந்த வித்தியாசத்தைப் பெரிதாக்கும். இவற்றை ஈவென்டாக, அழுத்தம் ஒவ்வொன்றாக அனுப்ப வேண்டும். ஒருவர் தட்டும்போது மற்றவர் கையை எடுத்துவிடுவதும் நல்லது. ரூட் ஏற்றுவதற்கு முன் இருவரிடமும் ஒரே ஐராக் சுழற்சி (வழித்தடத் தரவுகளின் பதிப்பு) இருக்கிறதா என்று பாருங்கள். 28 நாளுக்கு ஒருமுறை அது மாறுகிறது. ஒருவரிடம் பழையது இருந்தால் விசைகள் சரியாகப் போய்ச் சேர்ந்தாலும் ரூட் ஒன்றாக வராது.

அப்புறம் அலகுகள். மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரில் ஆல்டிமீட்டரில் (உயரமானி) காற்றழுத்தத்தை வைக்கும் கோல்ஸ்மன் செட் ஈவென்ட், மில்லிபாரை 16 ஆல் பெருக்கிக் கேட்கும். 1013.25 என்றால் 16212. ரேடியோவுக்கான பழைய பிசிடி ஈவென்ட்டில் (எண்ணை இலக்கம் இலக்கமாகக் குறிக்கும் முறை) 8.33 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி அலைவரிசைகளின் கடைசி இலக்கம் அடங்காது, ஹெர்ட்ஸில் தரும் ஈவென்ட்டைத்தான் எடுக்க வேண்டும். பெரும்பாலும் மதிப்பு போகிறது, ஆனால் தப்பாகப் போகிறது என்றால் முதலில் இங்கே பாருங்கள்.

கோப்பைக் குறை சொல்லும் முன்

கோப்பு சரியாக இருந்தும் த்ராட்டில் தானாக ஆடினால், ஹார்ட்வேரைப் பாருங்கள். பழைய ஜாய்ஸ்டிக்கின் அச்சு யாரும் தொடாமலேயே சிறிது சிறிதாக மாறிக்கொண்டிருக்கும். ஓட்டாதவரின் த்ராட்டில் ஐடிலில் (மிகக் குறைந்த பவரில்) கிடந்து இப்படி ஆடினால், ஓட்டுபவர் வைத்த பவரை அது பிடுங்கிவிடலாம். டெட் ஸோனை (சிறு அசைவுகளைக் கண்டுகொள்ளாமல் விடும் எல்லை) கூட்டுங்கள், அல்லது ஓட்டாத நேரத்தில் அந்த அச்சை விடுவித்துவிடுங்கள். கட்டுப்பாட்டைக் கைமாற்றும்போதும் இதே ஆபத்துதான். வாங்குபவர் தன் லீவரை முதலில் அதே பவருக்கு நகர்த்தி வைத்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் ஃபைனல் அப்ரோச்சில் என்ஜின் திடீரென ஐடிலுக்குப் போகும்.

இருவரின் விமானப் பதிப்பும் கோப்பும் ஒன்றாக இருக்க வேண்டும், இருவரும் ஒரே நிலையில் விமானத்தை ஏற்ற வேண்டும், முழுதாக ஏறிய பிறகே இணைய வேண்டும். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், எல்லோரும் மறப்பதும் இதைத்தான்.

சோதிக்கும்போது, நூறு வரி சேர்த்துவிட்டு ஒரேயடியாகப் பறந்து பார்க்காதீர்கள். மின்சாரப் பலகை, பிறகு எரிபொருள், பிறகு விளக்குகள் என்று ஒவ்வொன்றாகச் சேருங்கள். ஒவ்வொரு சுவிட்சையும் கேப்டன் ஒருமுறை, துணை விமானி ஒருமுறை என்று இரு பக்கத்திலிருந்தும் போட்டு அணைக்க வேண்டும். ஹோஸ்ட் (இணைப்பைத் தொடங்கியவர்) பக்கம் மட்டும் பார்த்துவிட்டுச் சரி என்று முடிவு செய்த கோப்புகளில், எதிர்ப்பக்கம் பாதி சுவிட்ச் வேலை செய்யாமல் இருப்பது ரொம்பச் சகஜம். நண்பரையும் வரிசையாகப் போடச் சொல்லிவிட்டு, நீங்கள் கை வைக்காமல் உங்கள் திரையை மட்டும் பாருங்கள்.