குரங்குகளின் ட்ரிம்5 மரபணுவை நீங்களே ஒப்பிட்டுப் பார்க்கலாம்

எச்ஐவி மனித செல்லுக்குள் நுழைந்தால் பெருகிவிடும். ரீசஸ் குரங்கின் செல்லில் நுழைந்த கையோடு முடங்கிப்போகும். முடக்குவது ட்ரிம்5 ஆல்ஃபா என்ற புரதம் என்பது 2004இல் தெரியவந்தது. அதை உருவாக்கும் ட்ரிம்5 மரபணு நமக்கும் இருக்கிறது. அப்புறம் ஏன் எச்ஐவி நம்மிடம் தப்பிக்கிறது? ஒரு கணினி போதும், பார்த்துவிடலாம்.

படி 1: மரபணு வரிசைகளைச் சேமித்துவைத்திருக்கும் என்சிபிஐ தளத்தில் ட்ரிம்5 என்று தேடி, மனிதன், சிம்பன்சி, கொரில்லா, ஒராங்குட்டான், கிப்பன், ரீசஸ், பபூன் என்று பத்து இனங்களாவது சேருங்கள். புரதமாக மாறும் பகுதியை மட்டும் ஃபாஸ்டா கோப்பாக (வரிசைகளை வெறும் எழுத்தாகச் சேமிக்கும் வடிவம்) இறக்குங்கள்.

நான் முதல்முறை சறுக்கியது இங்கேதான். இந்த மரபணுவிலிருந்து புரதத்தின் பல வடிவங்கள் உருவாகின்றன. தெரியாமல் குட்டையான ஒன்றை எடுத்துவிட்டேன். வைரஸைப் பிடிக்கும் வால்பகுதியே அதில் இல்லை! மனித ஆல்ஃபா வடிவத்தில் 493 அமினோ அமிலங்கள், அதாவது புரதத்தைக் கோக்கும் மணிகள். ஒவ்வொன்றையும் கோடான் என்ற மூன்று டிஎன்ஏ எழுத்துகள் குறிக்கும். புரதம் முடிவதைச் சொல்லும் நிறுத்தக் கோடானையும் சேர்த்தால் 1482 எழுத்துகள். எண்ணிச் சரிபார்த்துவிடுங்கள்.

தென் அமெரிக்க ஆந்தைக் குரங்கு இப்போதைக்கு வேண்டாம். அதன் ட்ரிம்5இல் சைக்ளோஃபிலின் ஏ என்ற வேறொரு மரபணுவின் நகல் ஒன்று வந்து செருகிக்கொண்டு, வாலையே மாற்றிவிட்டது.

படி 2: மரபணு வரிசைகளை ஒப்பிடும் மெகா மென்பொருளில் கோப்பைத் திறந்து, மஸில் முறையில் 'கோடான்' வகையைத் தேர்ந்து அலைன்மென்ட் செய்யுங்கள், அதாவது எல்லா வரிசைகளையும் இடத்துக்கு இடம் பொருந்தும்படி அடுக்குங்கள். சாதாரண வகையில் செய்தால் இடைவெளிகள் கோடானின் நடுவில் விழுந்து எல்லாம் குழம்பும். கடைசி நிறுத்தக் கோடானை எல்லா வரிசையிலும் நீக்குங்கள்.

படி 3: புரத வரிசைக்கு மாறி, மனித வரிசையை வைத்து எண்ணி 332ஆம் இடத்துக்குப் போங்கள். அங்கே உள்ள அமினோ அமிலம் நமக்கு ஆர்ஜினின், ரீசஸுக்கு புரோலின். மனிதப் புரதத்தில் இந்த ஒன்றை மட்டும் புரோலினாக மாற்றியபோது அது எச்ஐவியைத் தடுத்தது என்று 2005இல் காட்டினார்கள். முதல்முறை அந்த இடத்தைத் திரையில் பார்த்தபோது எனக்குப் புல்லரித்தது.

படி 4: அலைன்மென்டை டேட்டாமங்கி தளத்தில் ஏற்றி ஃபூபார் முறையை ஓட்டுங்கள். அமினோ அமிலத்தை மாற்றும் எழுத்து மாற்றங்களுக்கும் அதை மாற்றாத எழுத்து மாற்றங்களுக்கும் உள்ள விகிதத்தை ஒவ்வொரு கோடானுக்கும் அது கணக்கிடும். 1ஐத் தாண்டினால், அந்த இடத்தில் மாற்றத்தையே இயற்கைத் தேர்வு விரும்பியிருக்கிறது. மரபணு முழுக்கச் சராசரி எடுத்தால் இது மறைந்துவிடும்.

முடிவில் 332ஐச் சுற்றி இப்படி 1ஐத் தாண்டிய இடங்களின் கொத்து ஒன்று தென்படும். ஆனால் அது எச்ஐவி விட்ட தழும்பு அல்ல. எச்ஐவி மனிதருக்குத் தொற்றியது 20ஆம் நூற்றாண்டில்தான். இந்தத் தழும்புகளோ கடந்த சில கோடி ஆண்டுகளில் வேறு வைரஸ்களோடு போட்ட சண்டையில் வந்தவை. கொத்து மங்கலாகத் தெரிந்தால் இன்னும் நாலைந்து குரங்கினங்களைச் சேர்த்து மறுபடி ஓட்டுங்கள்.