காமாக் கதிர் அட்டவணையில் பல்சர்களைத் தேடுவது எப்படி?

ஃபெர்மி விண்தொலைநோக்கியின் 14 ஆண்டு அட்டவணையில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட காமாக் கதிர் மூலங்கள் உள்ளன. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவை இன்னவென்று தெரியவில்லை. அவற்றில் பல்சர்களாக (வேகமாகச் சுழன்று துடிப்பாக ஒளி வீசும் நியூட்ரான் விண்மீன்களாக) இருக்கக்கூடியவற்றைக் காட்பாடியில் என் வீட்டுக் கணினியிலேயே பிரித்தெடுத்தேன்.

அட்டவணையின் ஃபிட்ஸ் (FITS) கோப்பை இறக்கி டாப்கேட் (TOPCAT) மென்பொருளில் திறவுங்கள். இலவசம்தான். எக்செல் வேண்டாம், இந்த வகைக் கோப்பை அது படிக்காது.

முதலில், வகை நெடுவரிசை காலியாக உள்ள வரிசைகளை மட்டும் எடுங்கள். 'அன்க்' (unk) என்றிருப்பவை வேறு: அவற்றுக்கு வேறு அலைநீளத்தில் இணைப்பொருள் கிடைத்துவிட்டது, அதன் இயல்புதான் தெரியாது.

அடுத்து, ஒளி எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று காட்டும் மாறுபாட்டுக் குறியீடு. பிளேசார்கள், அதாவது நம்மை நோக்கித் தாரை வீசும் விண்மீன் மண்டல மையங்கள், பொங்கி அடங்கும். பல்சர்களோ பெரும்பாலும் ஆண்டுக்கணக்கில் ஒரே சீராக ஒளிரும். ஆகவே குறியீடு குறைந்தவை நமக்கு வேண்டும். நான் இரண்டு மாதங்களைத் தொலைத்தது இங்கேதான். பழைய 8 ஆண்டு அட்டவணைக்கான 18.48 என்ற வரம்பைப் புதிய கோப்பிலும் போட்டேன். ஒளி அளவீட்டில் ஆண்டுக்கு ஒரு புள்ளி கூடுவதால், சீரான மூலத்துக்கும் குறியீடு உயரும். 14 ஆண்டுக்கு வரம்பு 27.69. அதைத் திருத்தியபோது, நான் தூக்கியெறிந்திருந்த நல்ல மூலங்கள் பல திரும்பி வந்தன. எந்தக் கோப்போ அதற்குரிய வரம்பு!

பிறகு நிறமாலை. பல்சரின் ஒளி சில கிகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுக்கு மேல் சட்டென்று சரியும். இதனால் நிறமாலை வளையும்; அந்த வளைவின் உறுதியைச் சொல்லும் நெடுவரிசையின் பெயர் 'சிக்கர்வ்' (SigCurv) என்று முடியும். அதில் பெரிய எண்களைப் பாருங்கள். பால்வீதித் தளத்தை ஒட்டியவற்றை நம்பிவிடாதீர்கள், பின்னணி ஒளியே பொய்யான வளைவைத் தரும்.

இவ்வளவும் பொருந்தினாலும் அது பல்சர் என்று ஆகிவிடாது. துடிப்பு தெரிய வேண்டும். 1970களில் கண்ட ஜெமிங்கா என்ற காமாக் கதிர் மூலத்தின் 237 மில்லிவினாடித் துடிப்பு 1992இல்தான் பிடிபட்டது.

பின்சேர்க்கை: காவலூர் வானாய்வகத்திலிருந்து இவற்றைப் பார்க்கலாமா என்று ஆலங்காயத்து மாணவி ஒருவர் கேட்டார். காமாக் கதிர் வளிமண்டலத்தைத் தாண்டி வராது. ஆனால் பல்சரின் துணை விண்மீன் சூடேறி ஒளி மாறினால், தரையிலுள்ள பெரிய தொலைநோக்கிகளுக்கு அது தெரியும். ஜே1653-0158 என்ற பல்சர் அப்படித்தான் சிக்கியது: 75 நிமிடச் சுற்று 2014இல் ஒளியில் தெரிந்தது, துடிப்பு 2020இல் கிடைத்தது. ஆகவே, தங்கையே, பட்டியல் தயாரானதும் ஒவ்வொரு மூலத்தின் இடப்பிழை நீள்வட்டத்துக்குள்ளும் (மூலம் இருக்கக்கூடிய வான்பகுதிக்குள்ளும்) ஒளி மாறும் விண்மீன் உண்டா என்று தேடுங்கள்.