எட்டா ஜேம்ஸை எந்த வரிசையில் கேட்பது

அமெரிக்கக் கறுப்பினப் பாடகி எட்டா ஜேம்ஸைக் கேட்க ஆசையாக இருக்கிறது என்று யார் சொன்னாலும், 'அட் லாஸ்ட்' பாட்டில் தொடங்காதீர்கள் என்றுதான் முதலில் சொல்வேன். அந்தப் பாட்டின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அதன் வயலின்கள் அவ்வளவு இதமானவை, காது அங்கேயே தங்கிவிடும். 1955 முதல் 2011 வரை பாட்டுத் தட்டுகள் வெளியிட்ட ஒரு பாடகி மூன்று நிமிடத்துக்குள் சுருங்கிப்போவார்.

தொடங்க வேண்டியது 1967இல், அலபாமா மாநிலத்தில் மசில் ஷோல்ஸ் ஊரில். அங்கே ஃபேம் ஸ்டூடியோவில் ரிக் ஹால் தயாரிப்பில் பதிவானது 'ஐட் ராதர் கோ பிளைண்ட்'. 'டெல் மாமா' என்ற வேகமான பாட்டு வந்த சிங்கிள் தட்டின் (பக்கத்துக்கு ஒரு பாட்டு உள்ள சிறிய தட்டு) மறுபக்கத்தில் இது இருந்தது. இரண்டரை நிமிடத்துக்குக் கொஞ்சம் அதிகம், அவ்வளவே நீளம். காதலன் இன்னொருத்தியோடு பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்ட ஒருத்தி, இதைப் பார்ப்பதற்குக் கண் இல்லாமலே போயிருக்கலாம் என்கிறாள்.

ஹெட்ஃபோன் மாட்டி மூன்று முறை கேளுங்கள். முதல் முறை குரலை விட்டுவிட்டு, அடியில் ஓடும் ஆர்கனையும் பேஸ் கிட்டாரையும் மட்டும் பின்தொடருங்கள். இரண்டே இரண்டு கார்டுகள்தான் (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டங்கள்) மாறி மாறி வருவது தெரியும். சரணம் போய் வேறொரு பகுதி வரும், சுரம் எங்காவது திரும்பும் என்று காத்திருந்தால் அது வரவே வராது. இரண்டாவது முறை குரலைக் கேளுங்கள். கீழே எதுவும் மாறாததால் கதையை நகர்த்தும் பொறுப்பு முழுவதும் குரலின் தலையில் விழுகிறது. ஒரே வரி திரும்ப வரும்போது ஒரு தரம் பேச்சுப்போல, ஒரு தரம் தொண்டையை இறுக்கி, ஒரு தரம் கடைசிச் சொல்லை விழவிட்டு அவர் பாடுவதைக் கவனியுங்கள். மூன்றாவது முறை சொற்களைக்கூட விட்டுவிட்டு, எங்கே மூச்சு எடுக்கிறார் என்று பாருங்கள். நான் காகிதத்தில் பாட்டின் சொற்களை எழுதி, மூச்சு விழும் இடங்களில் கோடு போட்டுக்கொள்வேன். இலக்கணப்படி வாக்கியம் முடிகிற இடத்தில் அவர் நிறுத்துவது குறைவு. சொல்ல முடியாமல் போகிற இடத்தில் நிறுத்துகிறார். கறுப்பினத் தேவாலயப் பாட்டிலிருந்து கிளைத்த சோல் பாட்டு என்றால் என்ன என்று என்னிடம் கேட்டால் இந்தக் காகிதத்தைத்தான் காட்டுவேன்.

இந்தப் பாட்டு பிறந்த கதையையும் எட்டாவே சொல்லியிருக்கிறார். சிறையில் இருந்த நண்பர் எலிங்டன் ஜோர்டனைப் பார்க்கப் போனபோது அதன் முதல் வடிவத்தை அவரிடம் கேட்டதாகவும், மீதியை இருவரும் சேர்ந்து முடித்ததாகவும், வருமான வரிச் சிக்கல் காரணமாகத் தன் பங்குக்கு அப்போதைய துணைவர் பில்லி ஃபாஸ்டரின் பெயரைப் போடவைத்ததாகவும். அதனால் பாடலாசிரியர் இடத்தில் எட்டாவின் பெயரைத் தேடாதீர்கள்.

இதில் காது பழகிய பிறகு பின்னால் போங்கள். அவர் பிறந்தது 1938இல், லாஸ் ஏஞ்சலஸில், ஜேம்சட்டா ஹாக்கின்ஸ் என்ற பெயரில். தாய்க்கு அப்போது வயது 14. சிறுமியாக ஒரு பாப்டிஸ்ட் தேவாலயத்தின் பாடகர் குழுவில் ஜேம்ஸ் ஏர்ல் ஹைன்ஸிடம் பயின்றார். குரல் அடிவயிற்றிலிருந்து வர வேண்டும் என்று ஹைன்ஸ் நெஞ்சில் குத்துவார் என்று சொல்லப்படுகிறது. குழந்தையை அடித்துச் சொல்லிக்கொடுப்பதை நான் ஒருநாளும் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் தேவாலயம் அந்தக் குரலில் என்ன வைத்தது என்று தெரிய, 1962இல் வந்த 'சம்திங்ஸ் காட் எ ஹோல்ட் ஆன் மீ' பாட்டின் தொடக்கத்தைக் கேளுங்கள். தாளம் இல்லாமல் குரலை நீட்டி எடுக்கிறார், சுற்றியிருப்பவர்கள் பதில் கொடுக்கிறார்கள். பிரசங்க மேடைக்கும் சபைக்கும் நடக்கிற அதே பேச்சுதான். கடவுள் இருந்த இடத்தில் காதலன் வந்திருக்கிறான், மற்றது எதுவும் மாறவில்லை. கேட்டதும் எங்கேயோ தெரிந்த குரலாக இருக்கிறதே என்று தோன்றினால் வியப்பில்லை. ஸ்வீடனின் நடன இசைக் கலைஞர் அவிச்சி 2011இல் 'லெவல்ஸ்' பாட்டுக்கு எடுத்துக்கொண்டது இந்த இடத்தைத்தான்.

1955இல் வெளியான 'தி வால்ஃபிளவர்' பாட்டை ஒரு முறை கேட்டால் போதும். முந்தைய ஆண்டு பதிவின்போது அவருக்கு 16 வயது. இசைக்குழுத் தலைவர் ஜானி ஓட்டிஸ்தான் அவருடைய பெயரைத் திருப்பிப் போட்டு எட்டா ஜேம்ஸ் ஆக்கினார். கறுப்பினத்தவர் இசைக்கான ரிதம் அண்ட் புளூஸ் பட்டியலில் பாட்டு முதலிடம் பிடித்தது. ஆனால் அதையே சொற்களைச் சாதுவாக்கி வெள்ளைப் பாடகி ஜார்ஜியா கிப்ஸ் பாட, அது பாப் பட்டியலில் முதலிடம் போனது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். எந்தக் கதவு யாருக்குத் திறந்தது என்பது காதுக்கே விளங்கும்.

இப்போது 'அட் லாஸ்ட்'. 1960இல் சிகாகோவின் செஸ் இசைத்தட்டு நிறுவனத்துக்கு வந்தார். அதன் ஆர்கோ முத்திரையில் அந்த ஆண்டே ஆல்பம் வெளியானது. பாட்டு புதிதல்ல. ஒரு திரைப்படத்துக்காக எழுதப்பட்டு, 1942இலேயே கிளென் மில்லரின் வாத்தியக் குழு புகழ்பெறச் செய்த மெட்டு. ரைலி ஹாம்ப்டன் வயலின்களை அமைத்தார். ஒவ்வொரு அடியும் மூன்றாகப் பிரிகிற மெதுவான நடை. விரலால் அந்த மூன்றையும் தட்டிக்கொண்டே கேளுங்கள். வயலின்கள் இம்மி பிசகாமல் அடியில் விழும். எட்டா கொஞ்சம் தாமதித்து வருவார், சில சொற்களில் முந்துவார். அந்த மெருகுக்குள் அவர் கரகரப்பைச் சேர்க்கிற இடங்களை மசில் ஷோல்ஸ் கேட்ட காது தவறவிடாது. பாப் பட்டியலில் இது 47ஆம் இடத்தைத்தான் எட்டியது என்றால் இன்று நம்பக் கடினமாக இருக்கும்.

பட்டு விரித்த இந்தப் பதிவுக்கு மறுநாளே 'எட்டா ஜேம்ஸ் ராக்ஸ் தி ஹவுஸ்' கேட்க வேண்டும். 1963இல் நாஷ்வில் நகரின் நியூ எரா கிளப்பில் நேரடியாகப் பதிவானது. புளூஸ் பாடகர் ஜிம்மி ரீடின் 'பேபி வாட் யூ வான்ட் மீ டு டூ' பாடும்போது மவுத் ஆர்கன் ஒலியைத் தொண்டையிலேயே எழுப்புவார். கூட்டத்தின் கூச்சலைக் குறைத்துக் கேட்க நினைக்காதீர்கள், அதுவும் பாட்டின் பகுதி.

எழுபதுகளைத் தாண்டிப் போகலாம், ஒரு நிறுத்தம் தவிர: 1973இல் தன் பெயரிலேயே வெளியிட்ட ஆல்பம். ஹெராயின் பழக்கம், வழக்கு, நீண்ட சிகிச்சை எல்லாம் சூழ்ந்த காலம். பாடலாசிரியர் ராண்டி நியூமனின் கசப்பான பாட்டுகளை அவர் பாடுவதில் பரிதாபம் கேட்கும் தொனி எங்கும் இல்லை. துயரப்பட்டதால்தான் நன்றாகப் பாடினார் என்று எழுதுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. போதை அவரிடமிருந்து ஆண்டுகளைப் பிடுங்கியது. பாட்டு, குழந்தைப் பருவம் முதல் செய்த பயிற்சியிலிருந்து வந்தது.

பிறகு நேரே 1994க்கு வாருங்கள். ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடேயின் பாட்டுகளை மட்டும் பாடிய 'மிஸ்டரி லேடி'. சிடார் வால்டனின் பியானோ. போட்டியிட்டு வெல்கிற கிராமி விருது முதன்முதலாக இதற்குத்தான் 1995இல் கிடைத்தது, அப்போது அவருக்கு 57 வயது. குரல் நன்றாக இறங்கியிருக்கிறது, மேல் சுரங்களை அவர் தேடிப் போவதில்லை. என் குரலும் தடித்த குரல். பெண்பிள்ளைக்கு இவ்வளவு கீழ்க்குரல் ஆகாது என்று கேட்டே வளர்ந்தவள் நான். அந்தக் கீழ்ச் சுரங்களில் ஒருத்தி இவ்வளவு சாவகாசமாக உட்கார்ந்து பாடலாம் என்பதை இந்த ஆல்பம்தான் எனக்குக் காட்டியது. பாடுபவராக இருந்தால் அவரோடு கூடப் பாடிப்பாருங்கள், ஆண்களுக்கும் சுருதி ஒத்துவரும்.

புளூஸின் எலும்பை அறிய 2004இன் 'புளூஸ் டு தி போன்'. பல பாட்டுகளில் ஒரு வரி, அதே வரி மறுபடி, பிறகு பதில் சொல்லும் மூன்றாவது வரி. வரிக்கு நான்கு பார் (தாள ஆவர்த்தனம்) வீதம் பன்னிரண்டு பார். எண்ணிக்கொண்டே கேட்டால் இரண்டு பாட்டில் பிடிபட்டுவிடும். ஹவ்லின் உல்ஃப் போன்ற செஸ் நிறுவனத்து ஆண்கள் பாடிப் பெயர் வாங்கிய பாட்டுகள் இப்போது அவர் கையில். மகன்கள் டோன்டோவும் சமெட்டோவும் டிரம்ஸும் பேஸும் வாசிக்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. 'சிறந்த பாடல்கள்' என்ற பெயரில் கிடைக்கும் தொகுப்புகள் 1955ஐயும் 1967ஐயும் கலைத்துப் போட்டிருக்கும், நேரடிப் பதிவும் ஸ்டூடியோப் பதிவும் சேர்ந்தே கிடக்கும். பாட்டுக்குப் பாட்டு பதிவான ஆண்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். வெளியான ஆண்டு மட்டும் போட்டிருந்தால் நம்பாதீர்கள்.

கடைசியாக, சுவிட்சர்லாந்தின் மான்ட்ரூ இசை விழாவில் பதிவான 'லைவ் அட் மான்ட்ரூ 1975–1993' தொகுப்பைத் தேடி எடுங்கள். அதற்கு முன் 1967 பதிவுக்கு மூச்சுக் கோடு போட்ட காகிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, 'ஐட் ராதர் கோ பிளைண்ட்' பாட்டின் ஏதாவதொரு பிந்தைய மேடைப் பதிவைக் கேளுங்கள். வேறு நிறப் பேனாவால் புதிய கோடுகளைப் போடுங்கள். இரண்டும் எங்கெங்கே விலகுகின்றன என்று பார்த்துவிட்டு மான்ட்ரூவுக்குள் போங்கள். அங்கே 1975க்கும் 1993க்கும் இடையே அதே வேலையை நீங்களாகவே செய்யத் தொடங்கிவிடுவீர்கள்.