அமெரிக்க மாநில அரசியலைப் படிக்க எந்தப் புக்கை எப்படி எடுக்கணும் (பாண்டி, கடலூர் பக்கம் இருக்கறவங்களுக்கு)

அமெரிக்க அரசியல்னு ப்ராஜெக்ட் எடுத்ததும் நம்ம பசங்க நேரா ஜனாதிபதி பத்தின புக்கைத்தான் தேடறாங்க, எம்.ஏ. படிக்கறவங்களும் சரி, யுபிஎஸ்சிக்கு ஆப்ஷனலா எடுத்தவங்களும் சரி. அது வேணாம்ங்க. முதல்ல ஒரு மாநிலத்தைப் பிடிங்க, அது வழியா உள்ள போங்க. ஏன்னா அங்க தேர்தலை நடத்தறதே மாநிலங்கள்தான், நம்ம தேர்தல் ஆணையம் மாதிரி நாடு முழுக்க தேர்தல் நடத்துற ஒரு அமைப்பு அங்க கிடையாது. ஃபெடரல் எலெக்ஷன் கமிஷன்னு ஒண்ணு இருக்கு, ஆனா அதோட முக்கிய வேலை பிரச்சாரப் பணத்தைக் கண்காணிக்கறது. காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம், நம்ம ஊரு கட்சி இல்ல) தொகுதி எல்லையக்கூட பெரும்பாலான மாநிலங்கள்ல அந்த மாநில சட்டசபைதான் வரையுது. அதனால மாநிலம் தெரியாம வாஷிங்டனைப் படிச்சா பாதி விஷயம் பிடிபடவே பிடிபடாது.

சரி, எந்தப் புக்? "யாரு ஜெயிச்சாங்க, அந்தத் தொகுதி எப்படிப்பட்டது"ங்கற கேள்விக்கு தி அல்மனாக் ஆஃப் அமெரிக்கன் பாலிடிக்ஸ். 1972 பதிப்புலேர்ந்து ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வருது, மைக்கேல் பரோன் ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தர். 50 மாநிலம், அதோட கவர்னர் (ஜனங்க ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கறவர், நம்ம முதல்வர் மாதிரி), செனட்டர் (காங்கிரஸ் மேல்சபை உறுப்பினர்), காங்கிரஸோட கீழ்சபையான ஹவுஸ்ல இருக்கற 435 தொகுதி எல்லாத்துக்கும் தனித்தனி கட்டுரை இருக்கும், அந்த ஊரு எப்படி உருவாச்சு, என்ன தொழில், யாரு வந்து குடியேறினாங்க, அதனால ஓட்டு எந்தப் பக்கம் சாயுதுன்னு கதை மாதிரி போகும். இதை அட்டை டு அட்டை படிக்காதீங்க, ரொம்ப தடிமனான புக்கு. உங்க மாநிலத்தோட முன்னுரையைப் படிங்க, அப்புறம் ஒரு நகரத் தொகுதி, ஒரு கிராமத் தொகுதி, அவ்ளோதான். புதுப் பதிப்பு விலை நமக்குக் கட்டாது. பழைய பதிப்பு சிலது இன்டர்நெட் ஆர்க்கைவ்ல இரவல் எடுத்துப் படிக்கலாம். 20 வருஷம் இடைவெளி விட்டு ரெண்டு பதிப்பை எடுத்து ஒரே மாநிலத்தோட முன்னுரையைப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் படிச்சுப் பாருங்க, அந்த மாநிலம் எப்படி மாறிச்சுன்னு அதுலயே தெரிஞ்சுடும், உங்க ப்ராஜெக்ட்டுக்கு ஒரு சாப்டரே கிடைச்சுடும்.

"மாநில அரசாங்கத்தோட ஏற்பாடு என்ன"ங்கற கேள்விக்கு தி புக் ஆஃப் தி ஸ்டேட்ஸ். கவுன்சில் ஆஃப் ஸ்டேட் கவர்ன்மென்ட்ஸ்ங்கற அமைப்பு 1935லேர்ந்து போடறது. முக்காவாசி அட்டவணைதான், ஆனா எனக்கு ரொம்பப் பிடிச்ச புக்கு இதுதான், காரணம் சொல்றேன். நியூ ஹாம்ப்ஷயர்னு ஒரு சின்ன மாநிலம், 2020 சென்சஸ்படி கிட்டத்தட்ட 13.8 லட்சம் பேர். நம்ம புதுச்சேரி 2011 சென்சஸ்ல 12.5 லட்சம், ஏறக்குறைய அதே சைஸ். நம்ம சட்டசபைல தேர்ந்தெடுக்கப்பட்டவங்க 30 பேர், நியமனம் 3 பேர். அங்க கீழ்சபைல மட்டும் 400 பேர், மேல்சபைல 24 பேர் தனி. சம்பளம் ரெண்டு வருஷ காலத்துக்கும் சேத்து வெறும் 200 டாலர். கலிஃபோர்னியால சட்டசபை உறுப்பினருக்கு வருஷத்துக்கு ஒரு லட்சம் டாலருக்கு மேல. சம்பளமே இல்லாத மாதிரி வச்சா அரசியலுக்கு யாரு வருவாங்க, ரிட்டயர் ஆனவங்களா, வசதி இருக்கறவங்களா, இதெல்லாம் அந்த அட்டவணையைப் பாத்ததும் நீங்களே கேக்க ஆரம்பிச்சுடுவீங்க. கவர்னர் பதவிக்காலம் பாருங்க, நியூ ஹாம்ப்ஷயர், வெர்மான்ட் ரெண்டுலயும் 2 வருஷம்தான், மத்த எல்லா மாநிலத்துலயும் 4. வர்ஜீனியால கவர்னர் தொடர்ந்து ரெண்டாவது தடவை நிக்க முடியாது. இந்த அட்டவணைகளை அந்த அமைப்போட சைட்ல காசு இல்லாம பாக்கலாம்.

"ஏன் இப்படி"ங்கறதுக்குத்தான் ஆய்வு நூல்கள். இதுல வி.ஓ. கீ எழுதின சதர்ன் பாலிடிக்ஸ் இன் ஸ்டேட் அண்ட் நேஷன், 1949, கண்டிப்பா படிக்கணும். தெற்குல 11 மாநிலம், எல்லாத்துலயும் அப்ப ஒரே கட்சி, டெமாக்ரடிக் கட்சி. ஒரே கட்சின்னா அரசியலும் ஒண்ணாத்தானே இருக்கணும்? இல்லைன்னு மாநிலம் மாநிலமா காட்டறாரு. கட்சிக்குள்ள இருக்கற கோஷ்டிங்கதான் அங்க நிஜமான அரசியல், அதுக்கு அடியில கறுப்பின மக்களை ஓட்டுப் போட விடாம வச்சிருந்த ஏற்பாடுன்னு கவுன்டி (நம்ம மாவட்டம் மாதிரி) வாரியா ஓட்டுக் கணக்கை வச்சு நிரூபிக்கறாரு. வேட்பாளரோட சொந்த கவுன்டியிலயும் அக்கம்பக்கத்துலயும் மட்டும் ஓட்டு குவியறதை மேப் போட்டு காட்டியிருப்பாரு பாருங்க, கடலூர், பண்ருட்டி பக்கம் தேர்தல் பாத்தவங்களுக்கு அது உடனே புரியும். ஆனா இது 1965 வோட்டிங் ரைட்ஸ் ஆக்ட்டுக்கு (கறுப்பின மக்களோட ஓட்டுரிமையைக் காப்பாத்தற சட்டம்) முந்தின புக்கு, இன்னைக்கு நிலவரம்னு இதை மேற்கோள் காட்டாதீங்க. அதுக்கப்புறம் தெற்கு எப்படி ரிபப்ளிகன் கட்சி பக்கம் போச்சுங்கறதுக்கு ஏர்ல் பிளாக், மெர்ல் பிளாக் ரெண்டு பேரும் எழுதின தி ரைஸ் ஆஃப் சதர்ன் ரிபப்ளிகன்ஸ், 2002, அதைச் சேத்துப் படிங்க.

டேனியல் எலாஸர் 1966ல எழுதின அமெரிக்கன் ஃபெடரலிசம் புக்ல மாநிலங்களை மூணு அரசியல் கலாச்சாரமா பிரிப்பாரு. அரசாங்கம்னா பொது நன்மைக்குன்னு நினைக்கற மினசோட்டா மாதிரி, அரசியலையும் ஒரு தொழிலா பாக்கற இல்லினாய் மாதிரி, மேல இருக்கறவங்க மேலயே இருக்கணும்னு காப்பாத்தற மிசிசிப்பி மாதிரி. பரீட்சைக்கு வசதியான பிரிவுதான், ஆனா ஒரு முழு மாநிலத்துக்கும் ஒரே முத்திரை குத்தறதை அப்படியே ஒத்துக்காதீங்க, கறுப்பின மக்களோட அனுபவம் அதுல எங்க இருக்குன்னு கேளுங்க. ரிச்சர்ட் ஃபென்னோவோட ஹோம் ஸ்டைல், 1978, படிக்கவே நல்லா இருக்கும், 18 ஹவுஸ் உறுப்பினர்கள் கூட அவங்க தொகுதிக்கே போய் சுத்தி எழுதினது. காங்கிரஸைத் திட்டற ஜனங்க தன்னோட தொகுதி உறுப்பினரை மட்டும் திரும்பத் திரும்ப ஏன் ஜெயிக்க வைக்கறாங்கன்னு அதுல புரியும்.

இப்ப இதையெல்லாம் சேத்து எப்படி வேலை செய்யறது? நெப்ராஸ்காவை எடுத்துக்குவோம். புக் ஆஃப் தி ஸ்டேட்ஸ் பாத்தா அங்க மட்டும் ஒரே சபை, 49 பேர், ஓட்டுச்சீட்டுல கட்சிப் பேரே கிடையாது. செனட்டர் ஜார்ஜ் நாரிஸ் பிரச்சாரம் பண்ணி 1934ல ஜனங்க ஓட்டுப் போட்டு கொண்டுவந்தது, 1937ல முதல் கூட்டம். அடுத்து அல்மனாக்ல ஒமாஹா நகரம் இருக்கற ரெண்டாவது தொகுதியைப் பாருங்க. நெப்ராஸ்கா, மெய்ன் ரெண்டு மாநிலமும்தான் எலெக்டோரல் ஓட்டை (ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்க ஒவ்வொரு மாநிலத்துக்கும் இருக்கற ஓட்டு) தொகுதி வாரியா பிரிக்குது, அதனால மாநிலம் ரிபப்ளிகன் பக்கம் போனாலும் 2008, 2020, 2024ல அந்த ஒரு ஓட்டு டெமாக்ரட் பக்கம் போச்சு. கட்சிப் பேர் இல்லாத சபைல கட்சி எப்படி வேலை செய்யுதுன்னு ஒரு கேள்வி உங்க கையில வந்துடுச்சு பாருங்க, அந்தக் கேள்வியோட ஸ்டேட் பாலிடிக்ஸ் அண்ட் பாலிசி குவார்ட்டர்லி, பப்ளியஸ் ரெண்டு ஜர்னல்லயும் தேடுங்க. இப்படி வரிசையா போனா சும்மா புக்கு புக்கா புரட்டற வேலை மிச்சம்.

காசு இல்லாம கிடைக்கறதும் நிறைய இருக்கு. காங்கிரஸுக்காக ஆய்வு பண்ணிக் கொடுக்கற காங்கிரஷனல் ரிசர்ச் சர்வீஸோட அறிக்கைகள், 2018 சட்டத்துக்கு அப்புறம் எல்லாருக்கும் திறந்துட்டாங்க, நடுநிலையா சுருக்கமா இருக்கும். காங்கிரஸ் உறுப்பினர் பத்தி மட்டும் வேணும்னா பயோகிராஃபிகல் டைரக்டரி ஆஃப் தி காங்கிரஸ், 1774லேர்ந்து இருக்கு. ஜனங்க மனசு என்னன்னு பாக்க அமெரிக்கன் நேஷனல் எலெக்ஷன் ஸ்டடீஸ், 1948லேர்ந்து சர்வே டேட்டா, பதிவு பண்ணி இறக்கிக்கலாம். ஆனா அது நாடு முழுக்க எடுத்த சாம்பிள், அதை வச்சு ஒரு தனி மாநிலத்தைப் பத்தி முடிவு சொல்லாதீங்க. இந்தத் தப்பு ப்ராஜெக்ட்ல அடிக்கடி வருது.

அச்சுப் புக் வேணும்னா காலாப்பட்டுல பல்கலைக்கழகத்தோட ஆனந்தரங்கப் பிள்ளை நூலகம், டவுன்ல ரோமன் ரோலண்ட் நூலகம். போறதுக்கு முன்னாடி ஆன்லைன் கேட்லாக்ல பேரைப் போட்டுப் பாருங்க. கடலூர்லேர்ந்து வர்றவங்க காலேஜ் லெட்டரும் ஐடி கார்டும் கையில வச்சுக்கிட்டு பஸ் ஏறுங்க. உங்க காலேஜ் டெல்நெட்ல (லைப்ரரிங்க ஒண்ணுக்கொண்ணு புக்கைப் பகிர்ந்துக்கற நெட்வொர்க்) மெம்பரா இருந்தா வேற ஊரு லைப்ரரி புக்கையே வரவழைக்கலாம், லைப்ரரியன்கிட்ட கூச்சப்படாம கேளுங்க.

நோட்ஸ் எடுக்கும்போது ஒண்ணு முக்கியம், எந்தப் பதிப்பு, எந்த வருஷம்னு பக்கத்துலயே எழுதிடுங்க. அல்மனாக் 2024ன்னா அது 2023ல வந்தது, அதுல இருக்கற தேர்தல் முடிவு 2022 வரைக்கும்தான். 10 வருஷத்துக்கு ஒரு தடவை சென்சஸ் முடிஞ்சு தொகுதி மாறும், டெக்சாஸ் 2003ல நடுவுலயே மாத்திச்சு, அதனால பழைய புக்ல இருக்கற 7வது தொகுதியும் புதுசுல இருக்கற 7வது தொகுதியும் ஒரே இடம்னு நினைச்சுடாதீங்க. கலரும் அப்படித்தான், ரிபப்ளிகன் சிவப்பு, டெமாக்ரட் நீலம்ங்கறது 2000 தேர்தலுக்கு அப்புறம் நிலைச்சது, அதுக்கு முந்தின மேப்ல தலைகீழாவும் இருக்கும், ஓரத்துல போட்டிருக்கற குறிப்பைப் பாத்துட்டு எழுதுங்க.